கஞ்சாத் தொழிலின் எடைக்கணக்கு

பறித்த கஞ்சாப் பூவில் பெரும் பங்கு நீர்தான். 100 கிலோ பச்சைப் பூவை உலர்த்தும் அறையில் தொங்கவிட்டால், இரண்டு வாரம் கழித்துத் தராசில் ஏறுவது 20 கிலோவோ 25 கிலோவோதான். மீதி காற்றோடு போய்விடும். மிளகாய் உலர்த்துபவரிடம் அந்த மீதி எங்கே போனது என்று எந்த அரசும் கேட்பதில்லை. கனடாவில் உரிமம் பெற்ற கஞ்சா நிறுவனமொன்றிலோ, காற்றோடு போனது நீர்தான், பின்கதவால் போன பூ அல்ல என்பதை எழுத்தில் காட்டுவதற்கென்றே ஓர் ஆள் வேண்டும். தெற்கு ஒன்ராறியோவில் உள்ள சிறிய நிலையமொன்றில் அந்த ஆள் நான். தர உறுதிப் பொறுப்பாளர் என்பது சட்டம் தரும் பெயர். ஊரில் இருக்கும் உறவினர்களிடம் மருந்துக் கம்பனியில் வேலை என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். அது முழுப் பொய்யும் இல்லை.

கஞ்சாச் சட்டம் 2018 ஒக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பலர் அதை ஒரு தடை நீங்கியதாகவே பார்த்தார்கள். சட்டத்தை வாசித்தவர்கள் அப்படிப் பார்க்கமாட்டார்கள். பொதுவாகத் தடை அப்படியே இருக்கிறது. அந்தத் தடையிலிருந்து யார் யாருக்கு, எந்தச் செயலுக்கு, எந்த இடத்தில் விலக்கு என்பதைத்தான் உரிமங்கள் சொல்கின்றன. வளர்ப்பதற்கு ஓர் உரிமம், பதப்படுத்திப் பொதி செய்வதற்கு இன்னொன்று, பரிசோதனைக் கூடத்துக்கு வேறொன்று, ஆராய்ச்சிக்கு மற்றொன்று. இவையெல்லாம் மத்திய அரசின் ஹெல்த் கனடா வழங்குபவை. தீர்வை, அதாவது கலால் வரி, சம்பந்தப்பட்ட உரிமத்தைக் கனடா வருவாய் முகமை தனியாக வழங்குகிறது. விநியோகமும் சில்லறை விற்பனையும் மாகாணங்களின் பொறுப்பு என்பதால், வயது வரம்புகூட ஒரே நாட்டுக்குள் மாறுகிறது: அல்பேர்ட்டாவில் 18, கியூபெக்கில் 21, மற்றப் பெரும்பாலான இடங்களில் 19. ஒரே பூ மூன்று அதிகாரங்களின் பார்வைக்குள் வாழ்கிறது; மூன்றும் மூன்று வகைக் கணக்கைக் கேட்கின்றன.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் கடைசிவரை பிடிபடாமல் தடுமாறும் விஷயம், உரிமம் நிறுவனத்துக்கு மட்டுமல்ல, இடத்துக்கும் உரியது என்பதுதான். விண்ணப்பத்தோடு கட்டடத்தின் வரைபடம் போகிறது. எந்த அறையில் செடி, எந்த அறையில் உலர்த்தல், எங்கே களஞ்சியம் என்பதெல்லாம் அதில் குறிக்கப்பட்டிருக்கும். கான்ட்ரஸ்ட் நிறுவனத்துக்கு நடந்ததை எங்கள் துறையில் பயிற்சிக்கு வரும் எவருக்கும் சொல்லாமல் விடுவதில்லை. பெல்ஹாமில் இருந்த அவர்களுடைய பசுமைக்குடிலில் 2018 ஒக்டோபரிலிருந்து 2019 மார்ச் வரை, உரிமம் இன்னும் கிடைக்காத 5 அறைகளில் செடி வளர்த்தார்கள். விண்ணப்பம் ஏற்கெனவே போயிருந்தது. அந்த அறைகளுக்கு 2019 ஏப்ரலில் உரிமமும் வந்துவிட்டது. ஒரு முன்னாள் ஊழியர் ஹெல்த் கனடாவுக்கு எழுதியிராவிட்டால் அந்த இடைவெளி எவருக்கும் தெரிந்திருக்காது. அவர் எழுதினார். ஜூலையில் 5,200 கிலோ சரக்கு முடக்கப்பட்டது, தலைமை நிர்வாகி வெளியேற்றப்பட்டார், செப்டெம்பரில் உரிமங்கள் இடைநிறுத்தப்பட்டன, அடுத்த மார்ச்சில் நிறுவனம் கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புத் தேடிப்போனது. பங்குச் சந்தை தொடர்பாக முன்னாள் நிர்வாகிகள்மீது தொடுக்கப்பட்ட வழக்கு 2022 இல் விடுதலையில் முடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் நிறுவனம் அதற்கு முன்பே சரிந்துவிட்டிருந்தது. அந்தப் பூ விஷமானது என்றோ களவுச் சந்தைக்குப் போனது என்றோ உரிமத்தைப் பறிக்கவில்லை; காத்திருக்கவேண்டிய மாதங்களில் காத்திருக்காததே போதுமானதாக இருந்தது.

எடைக்கு வருகிறேன். அறுவடை நாளில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் இலக்கம் கொடுக்கிறோம். செடிகளை எண்ணி, பச்சை எடையை எழுதி, தண்டையும் பெரிய இலையையும் கழித்து அவற்றையும் தனியே நிறுக்கிறோம். தராசு அன்று காலை அளவுக்கல் வைத்துச் சரிபார்க்கப்பட்டதா, யார் சரிபார்த்தது, கல்லின் சான்றிதழ் காலாவதியாகவில்லையா என்பதற்கும் பதிவு உண்டு. உலர்ந்து முடிந்ததும் மறுபடி நிறுப்பு. காம்பு நறுக்கியதும் மறுபடி. பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி எடுத்தால் அதற்கும் எடை. பொதி செய்து முடிந்ததும் மேசையில் ஒட்டிக்கிடக்கும் தூளை வழித்தெடுத்து அதற்கும் எடை. கையுறையில் ஒட்டும் பிசின்கூட மாதக் கடைசியில் கணக்கில் ஒரு துண்டு விழவைக்கும். ஒவ்வொரு படியிலும் எழுதும் எடை முந்திய படியின் எடையோடு பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் வித்தியாசத்துக்குக் காரணம் எழுதவேண்டும். காரணம் நம்பும்படியாக இருக்கவேண்டும். உலர்த்தும் அறையின் ஈரப்பதப் பதிவு கையில் இருந்தால் நம்பவைப்பது எளிது. அதனால்தான் அறையின் ஈரமானி எழுதும் வரைபடத்தை நான் கணக்குப் புத்தகத்துக்குச் சமமாகப் பத்திரப்படுத்துகிறேன்.

இவையெல்லாம் சேர்ந்து, அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் ஹெல்த் கனடாவின் கண்காணிப்பு இணையத்தளத்தில் ஏறவேண்டும். மாதத் தொடக்கத்தில் இருந்தது, வந்தது, போனது, அழித்தது, இழந்தது, மாதக் கடைசியில் மிஞ்சியது. விதை, இளஞ்செடி, பச்சைப் பூ, உலர்ந்த பூ, சாறு, தின்பண்டம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரிசை. பொதி செய்தது வேறு, செய்யாதது வேறு. களவு போனாலோ, வழமையான காரணத்தால் விளக்கமுடியாதபடி காணாமற்போனாலோ, 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கும் 10 நாட்களுக்குள் ஹெல்த் கனடாவுக்கும் அறிவிக்கவேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை நான் மிகையென்று நினைக்கவில்லை. சட்டப்படியான சந்தையையும் களவுச் சந்தையையும் பிரிப்பது இந்த ஒரு சுவர்தான். அதில் ஓட்டை விழுந்தால் மற்ற விதிகளுக்கு வேலையே இல்லை.

கழிவை அழிப்பது பார்க்கப் பெரிய காட்சியல்ல. தண்டும் இலையும் பூஞ்சணம் பிடித்த பூவும் ஒரு பெரிய வாளியில் கொட்டப்படும். எடை எழுதப்படும். பிறகு தண்ணீரும் பூனைக்கு வாங்கும் மணலும் சேர்த்து, ஒருவராலும் பொறுக்கியெடுத்துப் புகைக்கமுடியாத சேறாகும்வரை கிளறுகிறோம். புகையோ ஆவியோ எவர்மீதும் படாதவாறு அழிக்கவேண்டும் என்பது விதி, ஆகவே கொளுத்திவிட்டுப் போகமுடியாது. எங்கள் நிலையத்தில் இருவர் நின்று பார்த்து, திகதி, இடம், முறை, அழிப்பதற்கு முந்திய எடை எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். ஆய்வாளர்கள் முதலில் கேட்கும் புத்தகம் பெரும்பாலும் இதுதான். நல்ல பூவைக் கழிவென்று எழுதி வெளியே கொண்டுபோவது மிகப் பழைய தந்திரம் என்பதை அவர்கள் நன்றாக அறிவார்கள்.

பூச்சிமருந்து விதிகளின் பின்னால் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. மருத்துவ நோக்கத்துக்கு மட்டும் கஞ்சா அனுமதிக்கப்பட்டிருந்த காலத்தில், 2016 இலும் 2017 இலும், மெட்ரம், ஓர்கனிகிராம் ஆகிய நிறுவனங்களின் சரக்கில் மைக்குளோபியூட்டனில் என்ற பூஞ்சணக்கொல்லி கண்டுபிடிக்கப்பட்டு, சரக்கு திரும்பப் பெறப்பட்டது. திராட்சைத் தோட்டங்களில் தெளிக்கும் மருந்துதான். ஆனால் திராட்சையை எவரும் கொளுத்தி இழுப்பதில்லை. சூடேறினால் அந்த மருந்திலிருந்து ஐதரசன் சயனைட்டு வெளிவரும். அதை வாங்கியவர்கள் நோயாளிகள். 2019 இலிருந்து உலர்ந்த பூவில் 96 வகைப் பூச்சிமருந்துச் சேர்மங்களுக்குக் கட்டாயப் பரிசோதனை நடக்கிறது. அதோடு கிருமி, பார உலோகம், பூஞ்சண நச்சு ஆகியவற்றுக்கும். பரிசோதனை அறிக்கையை வாசித்து, தொகுதியின் முழுப் பதிவேட்டையும் ஒருமுறை புரட்டி, நான் கையெழுத்திட்ட பிறகுதான் அந்தத் தொகுதி விற்பனைக்குப் போகமுடியும். முதலாளி அவசரப்படுத்தினாலும் அந்தக் கையெழுத்து என்னுடையது. சட்டம் இந்தப் பதவிக்கு ஒரு பெயரும் பொறுப்பும் கொடுத்து வைத்திருப்பது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

பரிசோதனை அறிக்கையில் எனக்கு நம்பிக்கை குறைவான வரி ஒன்றுண்டு. அது போதை தரும் சேர்மமான டிஎச்சியின் விழுக்காடு. வாங்குபவர்கள் பொதியில் அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். கடைகளும் அந்த எண்ணைப் பார்த்தே கொள்முதல் செய்கின்றன. கூடிய எண் எழுதித் தரும் பரிசோதனைக் கூடத்துக்கு வேலை கூடுதலாகப் போகிறது என்பது தொழிலுக்குள் எல்லாரும் அறிந்த குறை. விதிப்படி அறிக்கை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, கோப்பு முழுமையாக இருக்கிறது. ஆனாலும் உண்மை அதற்குள் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

விதிகளில் எனக்குப் பொறுமையில்லாத ஒன்றைச் சொல்லவேண்டுமென்றால், தீர்வை கட்டியதைக் காட்டப் பொதியில் ஒட்டும் தீர்வை முத்திரையைச் சொல்வேன். மாகாணத்துக்கு மாகாணம் முத்திரையின் நிறம் வேறு. ஒன்ராறியோ முத்திரை ஒட்டிய பொதியை அல்பேர்ட்டாவுக்கு அனுப்பமுடியாது. பொதியைத் திறந்தால் முத்திரை கிழியவேண்டும், எச்சரிக்கை வாசகத்தை அது மறைக்கக்கூடாது, அதன் பாதுகாப்பு அடையாளங்களும் மறையக்கூடாது. மூன்று கிராம் அடங்கும் சின்னக் குப்பியில் இத்தனையையும் ஒருங்கே செய்வதற்கு ஒட்டுபவரின் விரல் பழகியிருக்கவேண்டும். பல நிலையங்களில் இன்னும் கையால்தான் ஒட்டுகிறார்கள். கசங்கிப்போன முத்திரைக்கும் கணக்குக் காட்டவேண்டும். குப்பையில் போட்டுவிட்டு மறக்கமுடியாது. ஒன்ராறியோவில் ஒரு பொருள் விலைபோகாமல், பிரிட்டிஷ் கொலம்பியாவில் கேட்பார் இருந்தால், முத்திரை மாற்றும் வேலையும் செலவும் இலாபத்தை முழுதாக விழுங்கிவிடும். நாடு முழுவதற்கும் ஒரே முத்திரை வேண்டும் என்று தொழில்துறை நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது.

தீர்வையின் தொகையும் அப்படித்தான். உலர்ந்த பூவுக்குக் கிராமுக்கு 1 டொலர் அல்லது விலையில் 10 விழுக்காடு, இவற்றில் எது கூடுதலோ அது. கிராம் 10 டொலருக்கு விற்கும் என்று நினைத்துப் போட்ட கணக்கு அது. அப்போது இரண்டும் ஒன்றுதான். இன்று 28 கிராம் பொதியொன்று கடையில் 100 டொலருக்கும் குறைவாகக் கிடைக்கிறது. அதில் மாகாண மொத்த விற்பனையாளரின் பங்கும் கடையின் பங்கும் போக உற்பத்தியாளர் கைக்கு வருவதில் 28 டொலர் தீர்வைக்கு. இதற்குமேல் ஹெல்த் கனடாவின் ஆண்டு ஒழுங்குமுறைக் கட்டணம் வேறு. பெரிய உரிமங்களுக்கு அது வருமானத்தில் 2.3 விழுக்காடு, சிறியவற்றுக்குக் குறைவு. பல நிறுவனங்கள் தீர்வையைக் கட்டாமல் நாளோட்டத் தொடங்கி, அந்தக் கடனிலேயே மூழ்கிப்போயின. கோப்புகளை ஒழுங்காக வைத்திருந்தும் கையில் காசில்லாமல் மூடியவர்களை எனக்குத் தெரியும்.

பொதியைப் பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை, கடையில் பார்த்தவர்களுக்குத் தெரியும். குழந்தைகளால் திறக்கமுடியாத மூடி, சிவப்பு எண்கோணத்துக்குள் இலைச் சின்னம், மஞ்சள் பின்னணியில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எச்சரிக்கை, நிறுவனத்தின் பெயருக்கு மேல் வேறு அலங்காரத்துக்கு மிகச் சிறிய இடம். தின்பண்டமானால் பொதி ஒன்றுக்கு 10 மில்லிகிராம் டிஎச்சிக்கு மேல் கூடாது. மற்ற உணவு செய்யும் கட்டடத்தில் அதைச் செய்யவும் கூடாது. மூடி விதியை எவராவது குறைசொன்னால் எனக்குக் கோபம் வரும். இனிப்பென்று நினைத்து ஒரு பிள்ளை எடுத்து வாயில் போட்டுவிடும் பொருள் அது. திறக்கக் கஷ்டப்படும் வயதானவர்களுக்கு வேறு வழி தேடலாம், மூடியைத் தளர்த்தலாகாது.

எல்லா விதிக்கும் இப்படி நியாயம் சொல்லமுடியாது. பொது இடத்தில் ஒருவர் 30 கிராம் உலர்ந்த பூ வைத்திருக்கலாம். மற்ற வடிவங்களுக்குச் சமன்பாடு உண்டு. 1 கிராம் உலர்ந்த பூவுக்கு 5 கிராம் பச்சைப் பூ, 15 கிராம் தின்பண்டம், கால் கிராம் செறிவூட்டிய சாறு என்று போகும் அந்தப் பட்டியலில், பானத்துக்கு 70 கிராம் என்று எழுதிவைத்திருந்தார்கள். பானம் பெரும்பாலும் தண்ணீர் என்பதை எவரும் யோசிக்கவில்லை போலும். அதன்படி ஒருவர் 355 மில்லிலீட்டர் ரின் 5 தான் வாங்கலாம். அதிலிருக்கும் டிஎச்சி முழுவதையும் சேர்த்தாலும், அவர் சட்டப்படி வாங்கக்கூடிய பூவில் இருப்பதில் ஒரு சிறு துண்டுதான் வரும். 2022 டிசெம்பரில் அதை 570 கிராமாக மாற்றினார்கள், 5 ரின் 48 ஆனது. அதற்குள் நான்கு ஆண்டுகள் போய்விட்டன.

ஒன்ராறியோவில் கடை நடத்துபவர்களின் நிலை வேறு மாதிரி. இங்கே மதுபான, சூதாட்ட ஆணையம் உரிமம் கொடுக்கிறது. சரக்கு முழுவதும் மாகாண அரசின் ஒரே மொத்த விற்பனை நிறுவனத்திடமிருந்தே வரவேண்டும். முதல் 25 உரிமங்களை 2019 ஜனவரியில் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். வென்றவர்கள் 50,000 டொலருக்கு வங்கி உத்தரவாதம் வைத்து, ஏப்ரல் 1 அன்று கடை திறக்கவேண்டும். திறக்காவிட்டால் உத்தரவாதத்திலிருந்து கழியும். பாதிக் கடைகள்கூட அன்று திறக்கவில்லை. இப்போது குலுக்கல் இல்லை, ஆனால் பாடசாலையிலிருந்து 150 மீற்றர் தள்ளியிருக்கவேண்டும், ஊழியர் எல்லாரும் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்கவேண்டும், 25 வயதுக்குக் குறைவாகத் தெரியும் எவரிடமும் அடையாள அட்டை கேட்கவேண்டும். 19 வயதாகாதவர் பெற்றோரோடு வந்தாலும் உள்ளே கால் வைக்கமுடியாது. சரக்கு வெளியிலிருந்து சிறுவர் கண்ணில் படக்கூடாது என்பதால் பல கடைகள் கண்ணாடிக்கு மங்கலான தாள் ஒட்டின. கொள்ளையடிக்க வருபவனுக்கு அதைவிட வசதி வேறில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா 2020 இலேயே ஊழியரின் பாதுகாப்புக்காக அந்தத் தாள் தேவையில்லை என்று சொல்லிவிட்டது.

இத்தனையும் செய்து ஒருவர் கடை நடத்தும் தெருவிலேயே, உரிமமே இல்லாத கடையொன்று பெயர்ப்பலகை மாட்டி, 500 மில்லிகிராம் என்று அச்சிட்ட இனிப்புப் பைகளை விற்றுக்கொண்டிருக்கும். அங்கே முத்திரை இல்லை, பரிசோதனை இல்லை, மாதக் கணக்கு இல்லை. ஆய்வாளர் எங்கள் நிலையத்துக்கு அறிவிக்காமல் வந்து, குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலைப் பதிவில் விடுபட்ட ஒரு கையெழுத்தைக் குறிப்பெழுதிப் போகிறார். விதிமீறலுக்கு 10 லட்சம் டொலர் வரை நிர்வாக அபராதம் விதிக்கும் அதிகாரமும் அவருடைய திணைக்களத்துக்கு உண்டு. நான் அவரைக் குறைசொல்லவில்லை. அவருடைய அதிகாரம் உரிமம் உள்ளவர்களின் கதவுக்குள்தான் நன்றாகச் செல்லும். மற்றக் கதவுகள் காவல்துறையின் வேலை, காவல்துறைக்கு வேறு வேலைகள் நிறைய.

2025 மார்ச்சில் மத்திய அரசு பல விதிகளைத் தளர்த்தியது. சிறு வளர்ப்பாளரின் செடிப்பரப்பு 200 சதுர மீற்றரிலிருந்து 800 ஆனது. சிறு பதப்படுத்துவோருக்கு ஆண்டுக்கு 600 கிலோ என்றிருந்தது 2,400 கிலோ ஆனது. உள்ளிருப்பதைக் காட்டும் சாளரத்தையும் பொதியில் வைக்கலாம். எங்களைப் போன்ற நிலையங்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் பரப்பு நான்கு மடங்கானால் அறுவடையும் நான்கு மடங்கு, எழுதவேண்டிய எடைகளும் அதற்கேற்பக் கூடும். அதற்கு ஆள் எடுப்பதற்கு முன் செடி வைப்பவர்களையே அதிகம் பார்க்கிறேன்.

ரொறன்ரோப் பக்கத்தில் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் இருக்கும் நண்பர்கள் சிலர், கடை போடலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: முதலில் அந்த நகராட்சி கஞ்சாக் கடைகளை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். 2019 ஜனவரிக்குள் விலகிக்கொள்ள நகரங்களுக்கு உரிமை இருந்தது. மார்க்கம் விலகியது, மிசிசாகாவும் விலகி 2023 இல்தான் மனம் மாறியது. ஒருமுறை அனுமதித்த நகரம் பின்வாங்கமுடியாது. அடுத்ததாக, ஒரு கிலோமீற்றருக்குள் எத்தனை கடைகள் இருக்கின்றன என்று நடந்தே எண்ணிப் பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், ஏற்கெனவே நடக்கும் கடையொன்றில் சில மாதம் வேலை செய்து, மாதக் கடைசியில் இருப்பெடுப்பைச் செய்து பாருங்கள். ஒரு பொதி குறைந்தால் அதைத் தேடி எத்தனை மணி நேரம் போகிறது என்பது அப்போது தெரியும். இன்னும் விருப்பம் இருந்தால் வாருங்கள், விண்ணப்பப் படிவத்தைச் சேர்ந்து நிரப்பலாம்.